ஒரே நாளில் இரண்டு கடிதங்கள்

விருதுநகரில் ஒரு டாக்டரின் சிறிய கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். ஞாயிறு ஆராதனைக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பக்கம் ஒரு பெரிய பட்டாசுக் கம்பெனியில் முதலுதவி அறைக்கு ஆள் கேட்டார்கள், சேர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. சங்கு ஊதினால் வேலை முடிந்தது. ஞாயிறு விடுமுறை. மருந்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு பஞ்சுக் கட்டுக்கும் மூன்று கையெழுத்து வேண்டும்.

ஒரு நாள் மதியம், எதிரே இருந்த சிறிய பட்டாசுப் பட்டறையில் தீப்பிடித்தது. பேச்சியம்மாள் என்ற பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அதில் ஒருவர் பட்டறையின் முதலாளி. எங்கள் முதலாளியை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பட்டறையிலோ ஒரு துண்டு கட்டுத்துணி கிடையாது.

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. வெடிமருந்து உள்ள இடத்தில் வெளியாளை விடக் கூடாது என்பது தேவையான விதிதான். நான் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். கைகள் வீங்குவதற்குள் வளையல்களை உடைத்தெடுத்தேன். தண்ணீர் ஊற்றிக் கட்டுப்போட்டேன்.

“சிஸ்டரம்மா, விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உங்க கம்பெனி வண்டியைத் தாங்க” என்றார் அந்த முதலாளி.

மேனேஜர் லோடு விஷயமாகச் சிவகாசி போயிருந்தார். டிரைவர் மாரியப்பன் தயங்கினார். “மேனேஜர் கையெழுத்து இல்லாம எடுத்தா என் வேலை போயிரும், சிஸ்டர்.”

“நான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க. எழுதித் தாரேன்” என்று வண்டிப் புத்தகத்தில் மேனேஜருக்கான கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

பேச்சியம்மாள் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். சென்னைக்காரர், குரலை உயர்த்த மாட்டார். “வழியில அந்தம்மா செத்திருந்தா கம்பெனி பேர்லதான் கேஸ் வரும். யோசிச்சீங்களா?”

“யோசிக்கல, சார்.”

“யோசிச்சிருந்தா?”

“அப்பவும் அனுப்பியிருப்பேன்.”

மாலையில் இரண்டு கடிதங்களை என் முன்னால் வைத்தார். ஒன்று எனக்கு எச்சரிக்கை. மற்றது, அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கும் அவசரத்துக்கு மருந்தும் வண்டியும் தர அனுமதி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு. “முதல் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க. ரெண்டாவதை நீங்க வாசிச்சாப் போதும்” என்றார்.

பதில் வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் இன்னொருவரைக் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மார்பெல்லாம் வெந்திருந்தது. கட்டுப்போட்டேன். மேனேஜர் அன்றும் ஊரில் இல்லை. மாரியப்பன் வண்டிப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றார். இன்னொரு முறை எழுதினால் வேலை போய்விடும் என்று எச்சரிக்கைக் கடிதத்தில் இருந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை. காயம்பட்டவரை மாட்டு வண்டியில் ஏற்றிப் போனார்கள்.

பிறகு அனுமதி வந்தது. மேனேஜர் மாற்றலாகிப் போன பின்னும் அது நிலைத்தது. நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ பேர் அந்த வண்டியில் போனார்கள். யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை. சிறிய இடத்தில் நல்ல மனிதர் போனால் நல்லதும் அவரோடு போய்விடும். பெரிய கம்பெனியில் அது விதியாகித் தங்கும். ஆனால் விதியாகும்வரை, கையெழுத்துப் போடும் தைரியம் யாராவது ஒருவருக்கு இருக்க வேண்டும். எனக்கு அது ஒரு முறைதான் இருந்தது. மாட்டு வண்டியில் போனவர் பிழைத்தாரா என்று நான் விசாரிக்கவே இல்லை.