கவர்னர் இறங்க மறுத்த மாலை

போன சனிக்கிழமை லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு ஆபிரிக்க நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்காமலே போகப் பார்த்தது. காரணம் நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாடு கானா. நடந்தது நாடகம்.

என்னோடு வேலை செய்யும் கோஃபி கானாக்காரர். அவர்களுடைய சுதந்திர தின விழாவுக்கு வருடா வருடம் என்னையும் கடைக்காரர் சிவம் அண்ணையையும் அழைப்பார். அண்ணை கொண்டுவரும் மட்டன் ரோல்ஸுக்காகத்தான் என்று எனக்கொரு சந்தேகம்... போகட்டும். இந்த முறை விழா பெரிது. நமீபியாவும் இந்த 1990 மார்ச்சில் விடுதலையாகிறது என்ற குஷி ஒரு பக்கம். கோஃபியின் அம்மா அக்ராவிலிருந்து வந்திருப்பது இன்னொரு பக்கம். 1957இல் அங்கே பிரிட்டிஷ் கொடி இறங்கியபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர் அவர். அதே காட்சியை அம்மாவுக்கு மேடையில் காட்ட வேண்டும் என்பது மகனின் ஆசை.

ஆனால் கவர்னர் வேடத்துக்கு வெள்ளைக்காரர் வேண்டுமே?

என் பக்கத்து வீட்டு ரெஜ்ஜைப் பிடித்தேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சவுத்எண்ட் கடற்கரையைத் தாண்டி உலகம் பார்க்காதவர்.

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"கொடியை இறக்க வேண்டும். சல்யூட் அடிக்க வேண்டும். மேடையை விட்டு இறங்க வேண்டும்."

"பேச வேண்டுமா?"

"ஒரு வார்த்தைகூட வேண்டாம்."

சனிக்கிழமை வந்தது. ஹோல் நிறையக் கூட்டம். நெஞ்சில் சாக்லேட் தாளில் செய்த மெடல்கள், தலையில் வெள்ளை இறகுத் தொப்பி. ரெஜ் மேடையேறியதும் ஒரே கைதட்டல். கண்டக்டருக்கு யார் கைதட்டியிருப்பார்கள்? மனிதரின் முகமே மாறிவிட்டது. கொடிக் கயிற்றில் கை வைத்தார்... எடுத்தார். முன்னால் வந்தார். பேசவே தொடங்கிவிட்டார்.

"நாட்டைக் கொடுக்க எனக்குச் சம்மதம்தான். ஆனால் நான் போய்விட்டால் ரயிலை யார் ஓட்டுவது? தபாலை யார் பிரிப்பது?"

ஹோல் குலுங்கிச் சிரித்தது. லண்டனில் ரயில் ஓட்டுகிறவர்களும் தபால் பிரிக்கிறவர்களும்தானே அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

ரெஜ்ஜுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"நீங்கள் இன்னும் தயாராகவில்லை. பத்து வருடம் போகட்டும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ "இறங்கு" என்றார்கள். பிரதமர் வேடத்தில் காத்திருந்த கோஃபி திரைக்குப் பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினார். கவர்னர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சிவம் அண்ணை என் காதோடு சொன்னார்:

"தம்பி, இவரைக் கூட்டிக்கொண்டு வந்தது நீர் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

கோஃபியின் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம்.

அவர் எழுந்தார். மெல்ல மேடையேறினார்.

"எங்கள் நாட்டில் எவ்வளவு காலமாக இருக்கிறாய்?" என்று கேட்டார்.

ரெஜ் தடுமாறினார். "நான்... ஒரு நூறு வருடம் இருக்கும்."

"நூறு வருடம் படிப்பித்தும் நாங்கள் தயாராகவில்லை என்றால், வாத்தியார் சரியில்லை. தொப்பியைத் தா."

தந்தார். அம்மா தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு கயிற்றைக் காட்டினார். ரெஜ் இழுத்தார். கொடி இறங்கியது. ஹோல் முழுக்க எழுந்து ஆடியது. அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே அழுதார் — இறகு குலுங்கக் குலுங்க.

ரெஜ் நல்ல மனிதர். என் பிள்ளைகளின் பந்து அவர் தோட்டத்தில் விழுந்தால் முகம் சுளிக்காமல் எறிந்து தருகிறவர். அப்படிப்பட்டவருக்கே ஒரு தொப்பியும் கொஞ்சம் கைதட்டலும் போதுமாக இருந்தது, இறங்க மாட்டேன் என்று நிற்க. நிஜக் கவர்னர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

சாப்பாட்டு நேரத்தில் ரெஜ் எங்களோடு வந்து உட்கார்ந்தார். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாராம். அவர் தட்டு நிறையச் சோறு போட்டு அனுப்பினாராம். வாய் நிறைந்த சோற்றோடு ரெஜ் கேட்டார்:

"அடுத்தது உங்களுடையதுக்கும் நான் வருகிறேன். உங்களுக்குச் சுதந்திரம் எப்போது?"

யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த இரண்டு பேரிடம் கேட்கிற கேள்வியா இது?

சிவம் அண்ணை ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீரே சொல்லும் தம்பி. எனக்கும் தெரிய வேணும்."