ஒரே பிரசங்கம், இரண்டு ஞாயிறு

பெருந்துறைக்குப் போதகராக மாற்றலாகி வந்த நான்காவது மாதம், முந்தின ஞாயிறு செய்த அதே பிரசங்கத்தை அடுத்த ஞாயிறும் செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை.

எங்கள் லுத்தரன் சபையில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் இன்ன வேதபாடம் என்று முன்கூட்டியே குறித்திருக்கும். அதை ஒட்டிப் பிரசங்கத்தை ஒரு வரி விடாமல் எழுதிவிடுவேன். எழுதாமல் பேசினால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. எழுதிய தாளை வேதாகமத்துக்குள் செருகிக்கொண்டு பிரசங்கபீடத்தில் ஏறுவேன். அந்த வாரம் புதுத்தாள் வீட்டில் ஃபிரிட்ஜ் மேலேயே தங்கிவிட்டது. வேதாகமத்துக்குள் இருந்தது பழைய தாள்.

முதல் வரியிலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். முந்தின நாள் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்துவிட்டு வந்த களைப்பு இருந்தது. அதோடு, என் பிரசங்கம் எதுவானாலும் எழுதியவன் நான்தானே. படிக்கும்போது எல்லாமே ஏற்கெனவே கேட்ட மாதிரிதான் இருக்கும். அன்றைய வேதபாடம் அறுவடையைப் பற்றியது. நானோ பலிபீடத்துக்கு வருமுன் மனஸ்தாபப்பட்ட சகோதரனோடு ஒப்புரவாவதைப் பற்றிக் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். ஒருவர் தினமும், 'ஆண்டவரே, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நல்ல புத்தி கொடும்' என்று ஜெபித்தாராம். ஒரு நாள் அந்த நல்ல புத்தி அவருக்கே வந்துவிட்டதாம். உடனே, 'ஆண்டவரே, கூரியர் வீடு மாறி வந்துவிட்டது' என்றாராம். போன வாரம் சபை நன்றாகவே சிரித்தது.

இந்த வாரம் நான் 'ஒருவர் தினமும்' என்று தொடங்கியதுமே நான்காவது பெஞ்சில் ஒருவர் சிரித்துவிட்டார். கோவிலின் மைக் செட்டைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் அவர். சொல்லாத நகைச்சுவைக்கு இவர் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தபடியே தாளைப் பார்த்தேன். மேல் மூலையில் போன ஞாயிற்றின் தேதி.

அங்கிக்குள் வியர்த்துக் கொட்டியது. நிறுத்தவும் முடியாது. வேறு பிரசங்கமும் கைவசம் இல்லை. நகைச்சுவையைச் சொல்லி முடித்தேன். சபை சிரித்தது. போன வாரம் சிரித்த அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரன். அங்கே போதகரை ஐயர் என்பார்கள். எங்கள் ஊராக இருந்தால் பிரசங்கத்தின் நடுவிலேயே யாராவது எழுந்து, 'ஐயரே, இது போன வாரமே சொல்லியாச்சு' என்று சொல்லியிருப்பார்கள். இங்கே யாரும் இமைகூட அசைக்கவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்க நின்றேன். ஒவ்வொருவராக வந்து, "நல்லா இருந்துச்சுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் கையைக் கொஞ்சம் அதிகநேரம் பிடித்துக்கொண்டு, "இந்த வாட்டி இன்னும் தெளிவாப் புரிஞ்சுதுங்க" என்றார்.

என் மனைவி பிரசங்க நேரத்தில் பின் அறையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு இருப்பாள். அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் மேலிருந்த தாளை எடுத்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒருத்தருமே கவனிக்கலையா?"

"அதுதான் கஷ்டமா இருக்கு. எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினது. எலக்ட்ரீஷியனைத் தவிர யாரும் கேட்கவே இல்லை போல."

அந்த வருத்தம் திங்கட்கிழமை முழுக்க இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பெண்கள் ஐக்கியத்திலிருந்து நான்கு பேர் கொள்ளு ரசமும் இளநீருமாக வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கைப்பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்தார்.

"ஏனுங்கய்யா, தலை கிலை சுத்துதுங்களா? தூக்கம் நல்லா வருதுங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா."

"சும்மா பாத்துபோடலாமுங்க."

கருவி கையை இறுக்கும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. "ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பழசுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

நால்வரும் தரையைப் பார்த்தார்கள். "எல்லாருக்கும் தெரியுமுங்க," என்றார் நர்ஸ். "கோயில் வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு நாளா அதே பேச்சுங்க. நீங்க இருக்கற குரூப்ல இல்லீங்க, வேற குரூப்பு."

"ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்கய்யா சொல்றது? நீங்க அத்தன ஆசையாச் சொல்லீட்டு இருந்தீங்க."

ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. வெட்கத்தில் ஏறியதாக இருக்கும். என் மனைவி இளநீரோடு சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவள் சிரிப்பது மட்டும் எனக்குக் கேட்டது.

மறுநாள் சாயந்திரம் பாடகர் குழுவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவரும் அவருடைய தங்கையும் ஒரே குழுவில், ஒரே பெஞ்சில், இந்த ஓரமும் அந்த ஓரமுமாக நின்று பாடுகிறவர்கள். இருவரும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அக்கா மகனுடைய கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுத்தபோது தங்கையின் கணவர் கார் நிறுத்தப் போயிருந்தாராம். அவர் வருவதற்குள் எடுத்துவிட்டார்களாம். அதோடு சரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

"ஐயா, மொத வாரம் நீங்க சொன்னப்ப, எந்தங்கச்சிக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சனுங்க. நல்லா ஒறைக்கட்டும்னு அவளையே பாத்துட்டு இருந்தனுங்க. இந்த வாரம் மறுக்காவும் அதையே சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குன்னு தெரிஞ்சுதுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நேத்து பேசிப்போட்டோமுங்க."

"அம்மா, அந்தப் பிரசங்கம் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. எங்களுக்காக ரெண்டு வாட்டி தொண்டையக் கிழிச்சுட்டீங்க, அது போதுமுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

மூன்று நாள் நிம்மதியில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுக்கவும் மனமில்லை, செய்யாத காரியத்துக்கு நன்றி வாங்கிக்கொள்ளவும் மனமில்லை. "மறைக்கிற மாதிரி பெரிய பாவமா பண்ணிட்டீங்க? சொல்லிடுங்க," என்றாள் மனைவி. ஞாயிறன்று பீடத்தில் ஏறியதும், சரியான தாளா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, உண்மையைச் சொன்னேன். போன வாரம் தாள் மாறிவிட்டது, அது என் கவனக்குறைவு, மன்னிக்க வேண்டும் என்றேன்.

 உடனே நான்காவது பெஞ்சிலிருந்து, "பரவால்லீங்க ஐயா," என்று எலக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார். அதற்குச் சபை சிரித்த சிரிப்பு முதல் இரண்டு வாரச் சிரிப்பையும் தோற்கடித்துவிட்டது. என் நகைச்சுவையின் தரம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

நான் பாடகர் குழுப் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் அக்கா வந்து நின்றபோது மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"தாள் மாறினது உங்களுக்குங்க. எனக்கு ஒண்ணும் மாறலீங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் எட்டு மணி நேரம் எழுதினாலும் அப்படி ஒரு வரி எனக்கு வந்திருக்காது.

தங்கை அன்றைக்குக் கடைசியாக வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் உக்கார்ற ஓரத்துல இருந்து பாத்தா உங்க தாளு தெரியுமுங்க ஐயா. தேதிய அப்பவே பாத்துட்டனுங்க."

"பிறகு அக்காகிட்ட எப்படிப் பேசினீங்க?"

"நீங்க பேசப் பேச அக்கா அந்தாண்ட அழுதுட்டு இருந்தாங்க. எனக்கு உங்க பிரசங்கம் காதுலயே விழுகலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. செவ்வாக்கெழம செவுத்துகிட்ட நின்னு, 'அக்கா, வெல்லம் இருக்குதா'ன்னு கேட்டனுங்க. எங்கூட்டுலயே ரெண்டு கிலோ வெல்லம் இருக்குதுங்க."

கையிலிருந்த வேதாகமத்துக்குள் தாளை நன்றாகத் தள்ளி வைத்தேன்.

இப்போது அக்காவும் தங்கையும் பாடகர் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். இரண்டு வருடமாகப் பேசாததையெல்லாம் என் பிரசங்க நேரத்தில் பேசிக்கொள்கிறார்கள். குழுத்தலைவர் என்னிடம் இரண்டு முறை புகார் சொல்லிவிட்டார். கண்டிக்கிறேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன். இன்னும் கண்டிக்கவில்லை.