வெறுங்காலோடு மரம் அறுக்க விடமாட்டேன்

ஆமத்தூரில் எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வேப்பமரம் விழுந்து கிடந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் லாரி, இந்தப் பக்கம் வரிசையாகக் குடங்கள். மரம் அறுக்கும் மிஷின் தெருவில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. வாங்கி ஆறு மாதத்தில் அது அறுத்தது ஒரே ஒரு முருங்கைக் கிளை. ஆனால் கூட வந்த கையேட்டை மூன்று முறை வாசித்திருந்தேன். அச்சில் வந்ததையெல்லாம் நம்பியே உருப்படாமல் போனவன் நான், இதையும் நம்பினேன்.

ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான், இரும்பு முனை வைத்த பூட்ஸ் என்று எல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெரு சிரித்தது.

“என்ன மாப்ள, நிலாவுக்கா கெளம்பிட்டீக?” என்றார் மச்சான். என் மனைவியின் அண்ணன். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். நான் அறுக்க அறுக்கத் துண்டுகளை உருட்டிவிட வந்தவர். மரத்துப் பக்கத்தில் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குனிந்து தரையை உள்ளங்கையால் தொட்டார்.

பட்டாசு மருந்து ரூமுக்குள் நுழைகிறவர் செய்கிற காரியம் அது. அங்கே செருப்பு ஆணி தரையில் உரசினாலோ, உடம்பில் தேங்கிய மின்சாரம் பொறியாகத் தெறித்தாலோ போதும், கூரை இருக்காது. அங்கே உயிரைக் காப்பாற்றும் வெறுங்கால், இங்கே மிஷினில் ஓடுகிற பல் சங்கிலிக்கும் உருளுகிற கட்டைக்கும் முன்னால் வெறும் சதை.

“மச்சான், பூட்ஸ் இல்லாம இங்கன நிக்கக் கூடாது.”

“மிசினுக்குள்ள பெட்ரோல் இருக்குல்ல? செருப்போட எவனாவது கிட்ட வருவானா?”

“கட்ட விழுந்தா பாதம் கூழாயிரும். பிளேடு நுனி எதுலயாவது முட்டுச்சுன்னா மிஷின் எகிறி ஆள் மேலயே பாயும்.”

“முப்பது வருசமா மருந்துல கெடக்கேன். ஒரு நகம் போகல. புத்தகத்தப் படிச்சிட்டு எனக்குச் சொல்லித் தாரீகளாக்கும்?”

நான் பிளேடுக்கு உறையை மாட்டினேன். மிஷினை மடியில் வைத்துக்கொண்டு மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“லாரிக்காரன் திரும்பிப் போயிருவான், எந்திரிங்கண்ணே!” என்று குடத்தோடு ஒரு பெண் கத்தினாள்.

“போகட்டும்.”

வாசலிலிருந்து மனைவி பார்த்தாள். அந்தப் பார்வையைத் தடுக்கும் கவசத்தை எந்தக் கம்பெனியும் தயாரிப்பதில்லை. இருந்தும் நான் அசையவில்லை.

“மச்சான், உங்க ரூமுக்குள்ள நான் செருப்போட வந்தா என்ன செய்வீக?”

“மாப்ளன்னு பாக்க மாட்டேன். செவிட்டுல ஒண்ணு விடுவேன்.”

“அம்புட்டுத்தான். அங்க நீங்க ஃபோர்மேன். இந்த மரத்துக்கு நான் ஃபோர்மேன். உங்களை அறையத் தைரியம் இல்ல, அதனால உக்காந்திருக்கேன்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். இனி ஒரு வருடத்துக்குப் பேச்சு இல்லை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். காலில், கான்கிரீட் போடுகிறவர்களிடம் இரவல் வாங்கிய கம்பூட்ஸ். தொளதொளவென்று இருந்தது, வாத்து மாதிரி நடந்தார். மிஷின் ஓடும்போது பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும், நிறுத்திய பிறகுதான் கட்டையைத் தொட வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டார். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினார்.

“ஏலே, வெறுங்காலோட நிக்கிறவன் பூராம் பின்னால போங்கலே!”

நான் சொல்லியிருந்தால் நகர்ந்திருக்காத கூட்டம், ஒரே அதட்டலில் சுவரோரம் ஒட்டிக்கொண்டது. மச்சான் என் பக்கம் பார்த்தார்.

“மாப்ள, கண்ணாடி நெத்தியில எதுக்கு? கண்ணுக்கு எறக்குங்க.”

இறக்கினேன். பிறகுதான் மிஷினைக் கிளப்ப விட்டார்.