பெரிய வெள்ளியில் ஓர் அமெரிக்க ரிக்கார்டு

தாராவியில் எங்கள் வீட்டுக்குப் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் சினிமாப் பாட்டை முணுமுணுக்கக்கூட விட மாட்டார். அந்த நாட்களில் மவுத் ஆர்கன் வாசித்த குற்றத்துக்காக, சித்தப்பாவின் மவுத் ஆர்கனை அம்மிக் குழவியால் நசுக்கிய மகராசன் அவர். அப்படிப்பட்ட வீட்டில், பெரிய வெள்ளிக்கிழமை நடுப்பகலில், சித்தப்பா அமெரிக்க ரிக்கார்டு ஒன்றைப் போட்டார்.

பாவம், அவருக்கும் வேறு வழியில்லை. ரிக்கார்டும் அதைப் போடும் பேட்டரிப் பெட்டியும் ஒரு கப்பல்காரரிடம் இரவல் வாங்கியவை. சாயங்காலம் கப்பல் புறப்படுகிறது. திங்கட்கிழமை ஒரு பெரிய ஹோட்டலில் பாண்டுக்குப் பாட ஆள் எடுக்கிறார்கள். இந்தப் பாட்டைப் பாடிக் காட்டிவிட்டால் தோல் கிடங்கு வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம். வீட்டில் எல்லோரும் கோயிலில் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனைக்குப் போயிருந்தார்கள். சித்தப்பாவுக்குப் பொய்க் காய்ச்சல். எனக்கு நிஜமாகவே பொன்னுக்கு வீங்கி. வாசலில் என்னைக் காவலுக்கு வைத்திருந்தார்.

"ஏட்டி, இந்த ரிக்கார்டுக் கம்பெனிக்காரன் பழைய சினிமாக் கொட்டகையிலதான் ரிக்கார்டு பண்ணுதான். தரைகூட சரிஞ்சேதான் கெடக்காம். பாடுதவங்க முக்காவாசிப் பேரு நம்மள மாதிரிக் கருப்பு. சின்னதுல கோயில்ல பாடித்தான் தொண்டையத் தீட்டியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே முள்ளைத் திரும்பத் திரும்ப முதல் வரிக்குக் கொண்டுபோனார். பாடியவன் கெஞ்சினான், கதறினான். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனாலும் அந்தக் குரலில் மயங்கிக் காவலைக் கோட்டை விட்டேன்.

நிமிர்ந்தால் பெரியப்பா! மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனவர், அதை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. முள்ளை எடுக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. பெரியப்பாவின் பார்வை ரிக்கார்டின் மேலேயே நின்றது. ஐயோ, இரவல் பொருளாயிற்றே, ஹோட்டல் வேலையும் போச்சே!

"என்னல இது, ஆண்டவரு சிலுவையில தொங்குத நேரத்துல?"

நான் முந்திக்கொண்டேன். "கோயில் பாட்டு பெரியப்பா! அமெரிக்காக் கோயில் பாட்டு!"

"அப்படியால?"

சித்தப்பா தலையாட்டினார். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. இதோ எழுந்து உடைக்கப்போகிறார் என்று நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

"இன்னொருக்கா போடு" என்றார்.

அதையும் கேட்டு முடித்து, "நல்லா உருகித்தான் பாடுதான். தெருவுக்குக் கேக்காமப் பாட்டப் படி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் சந்து திரும்பியதும் நானும் சித்தப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு! சித்தப்பாவுக்கு வேலையும் கிடைத்தது. பெரியப்பாவையே ஏய்த்துவிட்டேன் என்ற தலைக்கனம் எனக்கு வெகுகாலம் இருந்தது.

யுத்த காலத்தில் பெரியப்பா அமெரிக்கச் சிப்பாய்களின் முகாமில் சமையல்காரராக இருந்தாராம். அவர்கள் பேசும் இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாம். அவர் இறந்த அன்று, பழைய சிநேகிதர் ஒருவர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விட்டுப்போன மனைவியைத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சுகிற பாட்டு அது. அந்தப் பெரிய வெள்ளியன்று, பெரியம்மா கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய் ஆறு வருடமாகியிருந்தது.