கிணறு தோண்டிய பிறகு மிஞ்சுவது

கதிர்காமநாதனை நல்லவர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. நேர்மையானவர் என்று சொல்லலாம். எங்கள் தீவில், பீச் ஸ்திரீட்டில் இருந்த ஒரு வங்கியின் கடன் பிரிவில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அங்கே பார்த்ததைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாண வீட்டில் யாராவது, "அண்ணே, அந்தக் கம்பெனி ஷேர் வாங்கலாமா?" என்று கேட்டால், குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

"மழை வருமா எண்டு கேட்டாலும் இவர் மேனேஜரைக் கேட்டுத்தான் சொல்லுவார்" என்று அவர் மனைவி யோகம்மா சிரிப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள், குணவதி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த ருக்குமணியின் அண்ணன் வாசுவை அவளுக்குப் பிடித்திருந்தது. வாசு, கடலில் எண்ணெய் தேடும் ஒரு கம்பெனியில் இருந்தான். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் அக்கரையில், பாகான் டாலாமில் அம்மாவோடு. அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், உயிரோடு இல்லை.

1984இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து, கூடத்தில் நின்றான்.

"பெரியவங்கள அனுப்பணும்னு தெரியும் ஐயா. அப்பா இல்ல. அம்மாவுக்குக் கூச்சம். அதான் நானே வந்துட்டேன்."

உட்காரச் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய அவரைப் போன்ற குடும்பங்களில் மாப்பிள்ளை என்று ஒருவன் வந்தால் முதலில் விசாரிப்பது உத்தியோகத்தை. அவரும் அதைத்தான் கேட்டார். வாசு கம்பெனியின் பெயரைச் சொன்னதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தக் கம்பெனி அவர் வங்கியில்தான் கடன் வாங்கியிருந்தது. அதன் கோப்பு அந்த வாரம் அவர் மேசையில் இருந்தது.

கம்பெனி நல்ல லாபம் காட்டியிருந்தது. ஆனால் எண்ணெய் தேடுகிறவர்களின் லாபத்தை அவர் நம்புவதில்லை. எண்ணெய் விற்றுக் கைக்கு வந்த ரொக்கத்தில் புதுக் கிணறு தோண்டும் செலவைக் கழிக்க வேண்டும். தோண்டாமல் இருக்கவும் முடியாது, பழைய கிணறுகள் வற்றிக்கொண்டே வரும். கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான பணம். அது மொத்தக் கடனில் எத்தனை பங்கு என்று பார்த்திருந்தார். நூறு வெள்ளி கடனுக்கு வருடத்துக்கு மூன்று வெள்ளி மிஞ்சியது. அப்படியே போனால் கடன் அடைய முப்பது வருடத்துக்கு மேல் ஆகும்; கிணறுகளோ பத்து வருடம் தாங்காது. எண்ணெய் விலை சற்று இறங்கினால் அந்த மூன்று வெள்ளியும் இல்லை.

"சம்பளத்தில ஏதாவது மிச்சம் பிடிக்கிறீங்களா, தம்பி?"

"அம்மாவுக்குக் குடுத்து, தம்பி படிப்புக்கும் கட்டி, மாசம் எரநூறு வெள்ளி நிக்குது ஐயா. கடன்னு ஒண்ணும் கெடையாது."

அதை அவர் காதில் வாங்கினார். ஆனால் மனம் கோப்பில் இருந்தது.

"இது சரிவராது, தம்பி."

"ஏன் ஐயா?"

"அது சொல்ல முடியாது."

வாசு கும்பிட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

"அவங்க அப்பா மூட்ட தூக்கினவருங்கறதாலயா?" என்று உள்ளேயிருந்து வந்த குணவதி கேட்டாள்.

"இல்லை பிள்ளை."

"பின்ன என்ன? ஒண்ணும் சொல்லலேன்னா நான் என்னதான்பா நெனைக்கிறது?"

வங்கியின் ரகசியம் மகளுக்கும் ரகசியம்தான். அப்பாவை மீறிப் போகிற பெண் இல்லை அவள். அது அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவருடன் சாப்பாடு, மருந்து, மின்சார பில் தவிர வேறு பேச்சில்லை.

மூட்டை தூக்கியவரின் மகன் என்ற எண்ணம் அவருக்குள் எங்கும் இருந்ததில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கணக்கு சரியாக இருந்தது. அதனால் தன்னைத் தோண்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

1986இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கம்பெனி மூடப்பட்டது. பத்திரிகையில் செய்தி வந்த காலை, அந்தப் பக்கத்தை மடித்து மகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுதான் பிள்ளை காரணம். பேங்க் விஷயம். அப்ப வாய் திறக்க ஏலாது."

அவருடைய குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. குணவதி முழுவதும் படித்தாள்.

"கம்பெனி விழுந்துருச்சு, சரி. அவரு விழுந்தாராப்பா?"

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. எல்லாம் கொடுத்த பிறகு மாதம் இருநூறு வெள்ளி, கடன் இல்லை. அவன் தன் வாயால் சொன்ன கணக்கு. எந்தக் கம்பெனியும் அவர் மேசைக்கு அவ்வளவு நல்ல கணக்கோடு வந்ததில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் அதைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஃபெர்ரி ஏறினார். பாகான் டாலாமில் வாசுவின் அம்மா நவமணி கதவைத் திறந்தாள். அவர் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"மூட்ட தூக்குனவங்க வீடுதான் ஐயா. உக்காருவீங்களா?"

உட்கார்ந்தார். கம்பெனி, கடன், வங்கி ரகசியம் எல்லாவற்றையும் சொன்னார். இனித் தடையில்லை, மகளைக் கொடுக்கச் சம்மதம் என்றார். நவமணி நின்றபடியே கேட்டாள்.

"அந்தக் கம்பெனி வேலய அவன் எப்பவோ விட்டுட்டானே ஐயா. இங்க இருக்கவே பிடிக்கலன்னு கடல் தாண்டி மிரிக்குப் போயிட்டான். இந்தத் தையில அங்கயே கல்யாணம் ஆயிருச்சு."

அவர் பழப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"இவ்வளவுதானா காரணம்?" என்றாள் அவள். "கம்பெனி பேரு சொல்ல வேணாம். வேற வேல தேடிக்கிட்டு வா தம்பின்னு மட்டும் சொல்லியிருந்தா போதுமே. ஓடியிருப்பானே."

அப்படி ஒரு வாக்கியம் இருப்பது அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

கொண்டுவந்த பழத்தை எடுத்துக்கொண்டாள். பையை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று, பின்னாலிருந்த மரத்தில் மாங்காய் பறித்துப் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் பையை வாங்கிய குணவதி உள்ளே பார்த்தாள். ஒரு மாங்காயை எடுத்து, காம்புப் பக்கம் முகர்ந்தாள். ருக்குமணி தொழிற்சாலைக்கு உப்போடு கொண்டுவரும் மாங்காய் அது. முன்பு வாசு பறித்துக் கொடுத்தனுப்புவது.

"பாகான் டாலாம் போனீங்களாப்பா?"

"ஓம்."

"கல்யாணம் ஆயிருச்சுன்னு ருக்கு அப்பவே சொன்னா."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"சொல்லி என்னப்பா ஆகப்போகுது?"

மாங்காயை நறுக்கி, உப்பு வைத்து, தட்டை அவர் முன் கொண்டுவந்தாள். வெகு நாளைக்குப் பிறகு எதிரே உட்கார்ந்தாள். அவர் ஒரு துண்டை வாயில் வைத்தார்.

பிறகும் சில வருடங்கள் வரன்கள் வந்தன. கதிர்காமநாதன் யாருடைய உத்தியோகத்தையும் விசாரிக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்ப்பார். அவள் வேண்டாம் என்று தலையசைப்பாள். வந்தவர்கள் ஏன் என்று கேட்டால், அவர் குடையை எடுக்க மாட்டார்.

"என்னாலதான்" என்பார்.