தங்கச்சிக்கு உண்மையைச் சொன்ன அன்னைக்கு

கூட உக்காந்து தியானம் பழகுற எல்லாருக்கும் என் வணக்கம்.

போன ஆடியில என் தங்கச்சி செல்விக்கு ஈரல்ல புற்றுநோய், முத்திப்போச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு மதுரை ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக. அவகிட்ட மட்டும் யாரும் சொல்லல.

நான் உத்தமபாளையத்துல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். அப்பத்தான் தேனியில நம்ம புத்த வகுப்புல சேந்து மரண தியானம் பழக ஆரம்பிச்சிருந்தேன். 'சாவு நிச்சயம், எப்பன்னு தெரியாது'ன்னு தினமும் காலையில நினைக்கணும். நாலு மூச்சு விடுறதுக்குள்ள எவனோட தோட்டத்து மோட்டாராவது மண்டைக்குள்ள வந்துரும். "விடிஞ்சும் விடியாம சாவு சாவுன்னா வீடு வெளங்குமா?"ன்னு வீட்டுக்காரி வேற. சலிச்சுப்போச்சு.

சின்னமனூர்ல செல்வி வீட்டுக்கு வர்றவுக பூராம், "ஒண்ணுமில்ல ஆத்தா, தைக்கு எந்திரிச்சு நடப்ப"ன்னுட்டு வாசல்ல போய் அழுதாக. எரிச்சலா வந்துச்சு. நான் ஆறுதலுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லாம, ஃபேனு சத்தம் போடுதுன்னு அதைக் கழட்டிக்கிட்டுக் கெடந்தேன்.

புத்தர் வரம் குடுக்குற சாமி இல்லன்னு வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காக. இருந்தாலும் ஒருநாள் காலையில கேட்டேன். அவளைப் பொழைக்க வையின்னு இல்ல. அவ முன்னாடி ஓடாம என்னைய உக்கார வையின்னு.

அன்னைக்கு மத்தியானமும் நான் ஃபேனைத்தான் நோண்டிக்கிட்டு இருந்தேன், படுத்திருந்த செல்வி கூப்பிட்டா.

"அண்ணே, அந்த ஃபேனை விடு. நான் செத்துருவேன்ல?"

'என்ன பேச்சு இது'ன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஒரு மூச்சு விட்டேன். பக்கத்துல போய் உக்காந்தேன்.

"ஆமாத்தா."

செல்வி என் கையப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம், "நீயாச்சும் சொன்னியேண்ணே. இவுக பொய்க்குத் தலையாட்டியே ஓஞ்சு போனேன்"னா. ரெண்டு பேரும் அழுதோம். "கவிதாவை வரச் சொல்லுண்ணே. பரீச்சைன்னு அவகிட்டயும் மறைச்சு வச்சிருக்காக."

கோயமுத்தூர்ல படிக்கிற அவ மகளுக்கு நானே போன் போட்டேன். மறுநாளே வந்துட்டா. ஐப்பசியில செல்வி கண்ணை மூடுற வரைக்கும் அம்மா பக்கத்துலயே படுத்துக் கெடந்தா.

செல்வியோட மாமியார் இன்னமும் எங்கூடப் பேசுறதில்ல. மருமக மனசை நான்தான் ஒடிச்சிட்டேனாம். ஆனா கவிதா படிக்கத் திரும்பிப் போறப்ப சொன்னா: "மாமா, நீங்க கூப்பிடலேன்னா எங்கம்மாவைப் பொணமாத்தான் பாத்திருப்பேன்."

எனக்கு இப்பவும் மனசு ஒரு எடத்துல நிக்காது. ஆனாலும் விடாம உக்காருறேன். ஒங்களுக்கும் சலிக்கும், எரிச்சல் வரும். எந்திரிச்சுப் போயிராதீக. நம்ம ஆளு நம்ம கையப் பிடிச்சுக் கேக்குற அன்னைக்கு, பதில் சொல்லத் தெம்பு வரும். எனக்கு வந்துச்சு.