சிவப்பு மரத்தடியில் தாட்ட தாலிக்கொடி

இன்றைக்கு மொன்றியலில் ஆளாளுக்கு வீடு, கார், கடை என்று சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். படட்டும். எனக்கும் மூன்று கடை இருக்கிறது, அது வேறு கதை. ஆனால் இந்த நகரத்தின் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று காதால் கேட்டுச் சொன்ன முதல் தமிழன் நான்தான். எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கிய யாரையும் கேட்டுப் பாருங்கள், "மெசின்காரர்" என்றால் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைகழுவியவன் நான். கைகழுவிய கைதான் பிறகு ஜாரி பூங்கா முழுவதையும் தடவிப் பார்த்தது.

அந்த மெசின் என்னிடம் வந்ததே ஒரு பகிடி. வில்லரேயில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நீளமான தடி, அடியில் சாப்பாட்டுத் தட்டுப் போல ஒரு வட்டம், மேலே ஒரு பெட்டி. புல்லு வெட்டுகிற மெசின் என்று நினைத்து வாங்கினேன். அப்போது எங்களுக்குப் புல்லும் இல்லை, புல்லு முளைக்க நிலமும் இல்லை. பார்க் எக்ஸில் ஒரு மாடிக் கட்டிடத்தில் ஆளோடு ஆள் உரசிக்கொண்டு இருந்தோம். ஆனாலும் என்றைக்காவது புல்லுள்ள வீடு வாங்குவேன்தானே என்று வாங்கினேன். முன்னேறுகிறவன் அப்படித்தான் யோசிப்பான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பற்றறி போட்டதும் அது சமையலறைப் பக்கம் திரும்பி வீரிட்டுக் கத்தியது. என் அறைக்கூட்டாளி மட்டக்களப்பு ஆள், எந்நேரமும் வாயில் வெற்றிலை. அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சோத்துப் பானையக் கண்டதும் கத்துது மச்சான். உன்னைப் போலதான் இரிக்கு."

உலோகத்தைக் கண்டால் கத்துகிற மெசின் அது. கூட வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. அதை மேசைக் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டு, நானே படித்தேன். கரண்டி, திறப்பு, சில்லறைக் காசு, மோதிரம் எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பி வைத்து ஒவ்வொன்றுக்கும் என்ன குரல் என்று கேட்டுப் பழகினேன். வெள்ளிக்கு ஒரு குரல், செம்புக்கு ஒரு குரல். பவுணுக்கு மட்டும் கொஞ்சம் அடங்கின குரல், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் பேசுகிற மாதிரி. பெட்டியில் ஒரு திருகு இருந்தது. அதைக் கூட்டினால் இரும்புக்கு மெசின் வாய் திறக்காது. நான் அதற்கு 'இரும்படக்கி' என்று பேர் வைத்தேன். பூங்கா மண்ணில் ஆணியும் போத்தல் மூடியும் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் குனிந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும்? ஆகவே இரும்படக்கியை உச்சத்துக்குத் திருகி விட்டேன். அதற்குப் பிறகு அதில் கை வைத்ததில்லை.

டோர்வல் விமான நிலையத்தில் எனக்குப் பின்னேர வேலை, விமானங்களின் உட்புறம் துடைக்கிறது. பகல் முழுக்க என்னுடையது. மெசினைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போவேன். ராணியின் தலை போட்ட காசு, வெள்ளிக் கரண்டி, யாரோ கோபத்தில் வீசின மோதிரம், ஒரு முறை பல்லுக்கட்டு ஒன்றுகூடக் கிடைத்தது. செயின்ட்-மிஷேலில் இருந்த ஒருவரின் கார்த் திறப்பைப் பனிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். கோயில் மணி அடித்த மாதிரி பேர் பரவிவிட்டது. நானும் பரவாதே என்று சொல்லவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் வீட்டில் ஒரு சண்டை தொடங்கியது. மட்டக்களப்பாரின் பாக்குவெட்டி காணாமல் போய்விட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த கனத்த இரும்புப் பாக்குவெட்டி.

"நீதான் மச்சான் உன்ர மெசினுக்குச் சோதிச்சுப் பாக்க எடுத்துக்கொண்டு போயிரிக்காய்."

"நான் பவுண் தேடுறவன். எனக்கேன் உம்மடை பாக்குவெட்டி?"

"மறுகா நான் பாக்கப் பல்லாலயா வெட்டுற?"

அன்றிலிருந்து அவர் பாக்கைச் சுத்தியலால் உடைத்தார், ஒவ்வொரு அடிக்கும் என்னைப் பார்த்தபடி.

கார்த்திகை மாதம் ஒரு காலை. கீழ்மாடியில் இருந்த ஒரு பெண் எங்கள் கதவைத் தட்டினாள். புரட்டாதியில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அவளுடைய தம்பி என்னோடு டோர்வலில் வேலை செய்கிறவன். அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தேவாலயம் ஒன்றின் கீழ் மண்டபம் எடுத்து, ரொறொன்ரோவிலிருந்து ஐயரையும் ஒழுங்கு செய்தாயிற்று.

"அண்ணை, மெசினோடை ஒருக்கா வருவீங்களே? தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"என்ன துலைச்சனீங்கள் தங்கச்சி?"

"துலைக்கேல்லை அண்ணை. தாட்டனான்."

அங்கே சண்டைக்கு ஆமி வருகிறது என்றால் நகையை மண்ணுக்குள் தாட்டுவிட்டு ஓடுவது எல்லா வீட்டிலும் பழக்கம். அந்தப் பழக்கம் அவளோடு விமானம் ஏறி வந்துவிட்டது. வந்த கையோடு, பக்கத்துக் கட்டிடத்தில் கள்ளன் புகுந்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊரிலே தாயின் கொடியை உருக்கி, தாய் முன்னிலையில் தம்பிக்கென்று செய்த தாலிக்கொடி அது. தாய் வரமுடியவில்லை, கொடி மட்டும் வந்திருந்தது. அதை ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுபோய் ஜாரி பூங்காவில் ஒரு மரத்தடியில் தாட்டுவிட்டாள். கட்டிடத்தைச் சுற்றி வளவு, மண் ஒன்றும் இல்லை, அதனால் பூங்கா.

"எந்த மரம்?"

"நல்லா அடையாளம் பாத்து வைச்சனான் அண்ணை. சிவப்பு மரம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மட்டக்களப்பார் உள்ளேயிருந்து சத்தமாகவே சிரித்தார். அவளுக்கு இது முதல் வருசம். இந்த நாட்டில் மரம் உடுப்பு மாற்றும், பிறகு உடுப்பே இல்லாமல் நிற்கும் என்று யார் அவளுக்குச் சொன்னது?

"போய்ப் பாத்தனான் அண்ணை. எல்லாம் விறகு மாதிரி நிக்குது." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "மஞ்சள் கயித்திலை கட்டலாமெண்டு சொல்லுவினம். அம்மா அங்கையிருந்து என்ன நினைப்பா? அதோடை அடுத்த முகூர்த்தம் தையிலைதான். அதுக்கிடையிலை மண் கல்லாப் போடுமாமே."

போடும்தான். குளிர் இறுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் மண்வெட்டி மோதினால் பொறி பறக்கும். நான் மீசையை முறுக்கினேன். அந்த நாளில் என் மீசையைப் பார்த்து வழி விடுகிறவர்களும் இருந்தார்கள்.

"தங்கச்சி, நீங்கள் போய்ப் பலகாரத்தைச் சுடுங்கோ. கொடி என்ரை பொறுப்பு."

அன்றும் அதற்கடுத்த நாளும் பாதையோரம் நின்ற மரங்களையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தேன். மெசின் காசுக்குக் கத்தியது, தகரக் கடதாசிக்குக் கத்தியது. கொடிக்கு மட்டும் கத்தவில்லை. சனிக்கிழமை விடிந்தபோது கதை கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கும்தான். மேல்மாடி கீழ்மாடி எல்லாம் குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு பூங்காவுக்கு வந்துவிட்டது. யாரோ சூடான வடை கொண்டுவந்திருந்தார்கள். தேர் பார்க்க வந்த சனம் மாதிரி வட்டமாக நின்றார்கள்.

"அக்கா, வங்கியிலை வைச்சிருக்கலாமெல்லோ?" என்றான் மாப்பிள்ளை.

"வங்கிக்காரனை எனக்குத் தெரியுமே? மரத்தையெண்டாலும் கண்ணாலை பாத்தனான்."

அந்தப் பூங்காவில் தினமும் நாயோடு நடக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உண்டு. என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார். அன்றைக்கு எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நாயையும் இழுத்துக்கொண்டு வந்தார். "பொன்ஜூர்" என்றார். சனம் எல்லாம் ஒரே குரலில் "பொன்ஜூர்" என்றது. நாய் பயந்துபோனது.

நான் என் பிரெஞ்சை எடுத்து விட்டேன். மரங்களைக் காட்டி "றூஜ்? றூஜ்?", அதாவது சிவப்பு எது என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. உடனே தமக்கைக்காரி முன்னுக்கு வந்து தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு, பிறகு மரத்தைத் தொட்டாள். கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கையை வீசி வரிசையில் நின்ற மரங்கள் அத்தனையையும் காட்டினார். எல்லாமே சிவக்குமாம்!

"அய்யோ, நான் தாட்ட அண்டைக்கு ஒண்டே ஒண்டுதான் சிவப்பு! மற்றதெல்லாம் பச்சை!"

ஆங்கிலம் தெரிந்த மாப்பிள்ளை அதைக் கிழவருக்குச் சொன்னான். கிழவரின் முகம் மாறியது. முதலில் சிவக்கிற மரம்! நாயோடு நேரே நடந்து, வளைந்த அடிமரத்தோடு நின்ற ஒரு மரத்தைக் கைத்தடியால் தட்டினார். வருசா வருசம் இதுதான் முந்திக்கொள்ளுமாம்.

சனம் ஆரவாரம் செய்தது. நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"அங்கை இல்லை. அந்த மரத்தை நான் நேற்றே பாத்தாச்சு. என்ரை மெசின் பொய் சொல்லாது."

"கிழவர் இதுதான் எண்டு சொல்லுறாரே" என்றார் மட்டக்களப்பார்.

"அவர் நாய் மேய்க்கிறவர். நான் பவுண் பிடிக்கிறவன். இந்த மரத்தடியிலை கொடி கிடந்தால் என்ரை மீசையை வழிச்சுப்போடுறன், போதுமே?"

"எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க!" என்று மட்டக்களப்பார் சனத்தைப் பார்த்துக் கூவினார்.

நான் மெசினை எடுத்து அந்த மரத்தைச் சுற்றி மெல்ல, எல்லாரும் பார்க்க, ஒரு சுற்று வந்தேன். சத்தமே இல்லை. கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது மெசின். பார்த்தீர்களா என்று மீசையைத் தடவினேன். சனத்தின் முகம் வாடியது. தமக்கைக்காரி அப்படியே புல்லில் இருந்துவிட்டாள்.

"இஞ்சைதான் அண்ணை வைச்சமாதிரிக் கிடக்கு... வளைஞ்ச மரம்தான். முறையாத்தானே வைச்சனான். காத்துக் கறுப்பு அண்டக்கூடாதெண்டு மேலை இரும்பும் வைச்சு மூடினனான்."

"என்ன வைச்சனீங்கள்?"

"இரும்பு அண்ணை. தாட்டால் மேலை இரும்பு வைக்க வேணுமெல்லே? இரும்பிருந்தால் பேய் கிட்ட வராது."

பேயும் கிட்ட வராது, என் மெசினும் கிட்ட வராது! எனக்குக் காதுக்குள் மணி அடித்தது. இரும்புக்கு வாய் திறக்காதே என்று நான்தான் மெசினுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது சொன்ன சொல் தவறாமல் இரும்பைக் கண்டு வாயை மூடியது, அதற்குக் கீழே கிடந்த பவுணையும் சேர்த்து மறைத்துவிட்டது.

இரும்படக்கியைக் கடைசிவரை குறைத்துத் திருகினேன். மெசின் பைத்தியம் பிடித்த மாதிரிக் கத்தத் தொடங்கியது. ஆணி, மூடி, கம்பி, எல்லாவற்றுக்கும் கத்தியது. வளைந்த அடிமரத்துப் பக்கம் போனதும் ஒரு கதறல் கதறியது பாருங்கள், நாய் குரைத்தது, கிழவர் தொப்பியைக் கழற்றினார், சனம் கை தட்டியது.

நானே முழங்காலில் இருந்து தோண்டினேன். மேல்மண் ஏற்கனவே இறுகியிருந்தது. ஒரு சாண் போனதும் மண் தோண்டுகிற கரண்டி 'டங்' என்றது. துருப்பிடித்த இரும்பு ஒன்றைப் பிடுங்கி வெளியே போட்டேன்.

மட்டக்களப்பார் குனிந்து அதை எடுத்து, மண்ணைத் துடைத்து, இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார்.

"என்ர பாக்குவெட்டி!"

தமக்கைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணை, உங்கடை படிக்கட்டிலை கிடந்தது. ஆற்றையோ எறிஞ்ச சாமானெண்டு நினைச்சன்."

"எறிஞ்ச சாமானா? ரெண்டு மாசமா நான் சுத்தியலால பாக்கு உடைக்கிறன் கா!"

நான் அதற்குள் கையை விட்டுப் பெட்டியை வெளியே எடுத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் கொடி, பருத்தித் துணிக்குள் சுருண்டு கிடந்தது. அந்த மங்கலான வெளிச்சத்தில் அது மின்னிய மின்னலுக்கு வெய்யில் தேவைப்படவில்லை. தமக்கைக்காரி அதை இரண்டு கையாலும் ஏந்தி, மாப்பிள்ளையின் நெற்றியில் ஒரு தரம் ஒற்றினாள். பிறகுதான் அழுதாள். அவனும் அழுதான். கிழவர் என்ன ஏது என்று தெரியாமல் தானும் மூக்கைத் துடைத்தார். "மெர்சி, மெர்சி" என்று சனம் அவருக்கு வடை வடையாகக் கொடுத்தது. நாய்க்கும் ஒன்று.

நான் மெசினைத் தோளில் போட்டேன். "பாத்தியளே, என்ரை மெசின் பொய் சொல்லேல்லை" என்றேன். "இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை முந்தியே சொல்லியிருந்தால் முதல் நாளே எடுத்திருப்பன்."

"அதெல்லாம் சரி மச்சான்" என்றார் மட்டக்களப்பார். "மீசை?"

அடுத்த நாள் கல்யாண மண்டபத்தில் ஐயர் மந்திரம் சொன்னார், மேளத்துக்குப் பதிலாக ஒலிநாடா முழங்கியது, தாலி ஏறியது. வாசலில் மட்டக்களப்பார் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கிய பாக்குவெட்டியோடு இருந்து, வந்தவர்களுக்கெல்லாம் பாக்கு வெட்டிக் கொடுத்தார். கிழவரும் வந்திருந்தார். வெற்றிலை போட்டுப் பார்த்துவிட்டு நாள் முழுக்கத் தன் நாக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு திரிந்தார். நாக்கும் சிவப்பு.

அந்தக் கல்யாணப் படம் இன்றைக்கும் என் பெரிய கடையில் தொங்குகிறது. மணமக்களுக்குப் பக்கத்தில், மேலுதடு இறகு பிடுங்கின கோழி மாதிரி வெளிறிப்போய், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறவர் யார் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு தாலிக்காக மீசை கொடுத்தவர் இந்த மொன்றியலில் வேறு யாரும் உண்டா என்று நான் திருப்பிக் கேட்பேன்.